ஒப்புக்கொண்டதும் தொடர் முடிந்துவிடுகிறது: துப்பறியும் தொடர்கள் மீது ஒரு மனக்குறை

நொய்யல்கரை (சோமனூர்)

சோமனூர்ப் பக்கம் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டும் குடும்பம் எங்களுடையது. தறிக்குடோனை ஒட்டிய அறையில் தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதால், தறி ஓடும் சத்தத்தில் வசனம் பாதிதான் காதில் விழும். அப்படியிருந்தும் அம்மாவும் நானும் பல ஆண்டுகளாகத் துப்பறியும் தொடர் எது வந்தாலும் பார்த்துவிடுவோம். இந்தியில் வந்தவை, தமிழில் எடுத்தவை, பிறகு செல்பேசி வழியாக வந்த அமெரிக்கத் தொடர்கள் என்று ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் பார்த்து முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றிரவு பார்த்த பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். காலை நடைக்குப் போனவர் பிணத்தைப் பார்க்கிறார். அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு முடியைப் பொறுக்கி எடுக்கிறார். கணவன் ஓடுகிறான், துரத்திப் பிடிக்கிறார்கள், விளம்பரம் முடிந்து வந்தால் அவன் இல்லை என்கிறார்கள். பிறகு தொழில் கூட்டாளி, அவனும் இல்லை. ஆய்வகக் கணினி ஒரு முறை கூவியதும், முதல் காட்சியில் அதிகாரிகளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த மைத்துனனைக் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கிறார்கள். அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிறான், நாற்பதாவது நிமிடத்தில் விலங்கு மாட்டுகிறார்கள், பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. அம்மா முதல் விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார்: "அந்த டீ குடுத்த பையந்தான்டா. வேற சோலியில்லாம அவம் மூஞ்சிய எதுக்குக் காமிச்சான்?"

கொலையாளி யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதில் எனக்கு வருத்தமில்லை. பிடிபட்டவன் ஒப்புக்கொண்டதும் எல்லாம் முடிந்தது என்று அந்தத் தொடர் என்னை நம்பச் சொல்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2014இல் எங்கள் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போட இன்னும் இரண்டு நாள் நடக்க வேண்டியிருந்தது. வந்த ஏட்டையா எங்கள் டி.வி.எஸ். வண்டியின் சீட்டின் மேல் தாளை வைத்து மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு, எழுதினார். பக்கத்துத் தோட்டத்துக்காரரை வரப்பிலிருந்து கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். மூன்று மாதம் கழித்து ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து கேபிளில் பாதியை மீட்டார்கள். இரண்டு பையன்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொன்னார்கள். தொலைக்காட்சி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எங்களுக்கோ நான்கு ஆண்டு கழித்துத்தான் சம்மன் வந்தது. கூண்டில் ஏறிய பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கையெழுத்து என்னுதுதானுங்க, எதுல போட்டேன்னுதான் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை, அதையும் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு நிமிடத்தைக்கூட நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கும் இது உறுத்துகிறதா?

கொடிவேரி (கோபி)

உறுத்தவில்லை. நான்கு ஆண்டு வாய்தாவை யார் உட்கார்ந்து பார்ப்பது? நம் மாலைத் தொடர்களில் ஒரு கொலைப்பழி எட்டு மாதம் ஓடுகிறதே, அது போதாதா உங்களுக்கு?

பழைய குமாஸ்தா (பெருந்துறை)

நொய்யல்கரை தம்பிக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். தாங்கள் சொன்ன மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். காவல் அதிகாரியிடம் ஒருவன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அதுவே 23ஆவது பிரிவாக வந்திருக்கிறது. அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். ஆகவே உங்கள் மைத்துனன் அழுதுகொண்டே சொன்ன இரண்டு நிமிட வசனத்தில், "அரிவாளை இன்ன புதரில் போட்டேன், கூட்டிப்போனால் எடுத்துக் கொடுக்கிறேன்" என்ற ஒரு வரியைத் தவிர மற்றது நீதிமன்றத்தில் ஒன்றுக்கும் ஆகாது. நீதித்துறை நடுவர் முன்னிலையில் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. அதைப் பதிவு செய்வதற்கு முன், நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவனிடம் நடுவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகள், 1998 முதல் 2018 வரை, ஓடிய சி.ஐ.டி. என்ற இந்தித் தொடரில் ஏ.சி.பி. என்ற காவல் அதிகாரி குற்றவாளியின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத் தூக்கு நிச்சயம் என்று அறிவிப்பாரே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் சீனியர் சிரித்துவிட்டு, "ஒரே அறையில் நமக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டார்" என்பார்.

இனி மறுபக்கம். தொடர்கள் ஒரே வார்ப்பில் வருகின்றன என்று குறைப்படுகிறோம். நான் கையால் படியெடுத்த வழக்குக் கட்டுகளும் ஒரே வார்ப்பில்தான் வந்தன. போலீசாரிடம் சொன்னால் செல்லாது என்பதால், குற்றம் செய்தவர் மனம் வருந்தி, இத்தனை அதிகாரிகள் இருக்க, கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய் அவரிடம் ஒப்புக்கொள்வார். பிறகு அதே வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் சாட்சிகளாக நிற்க, ரத்தக்கறை படிந்த வேட்டியும் அரிவாளும் ஒரு வேலிக்கு அருகில் கண்டெடுக்கப்படும். நம் மாநிலத்தின் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. முன்பின் அறியாத வி.ஏ.ஓ.விடம் போய் ஒருவன் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றினால் ஒரு கட்டை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடலாம் என்று எனக்கே சில நாள் தோன்றியதுண்டு. திரைக்கதை எழுதுபவர் விளம்பர இடைவேளைக்காக வார்ப்பு வைத்திருக்கிறார். இங்கே பிரிவு 25க்காக வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்ட பட்டியல் சமூகத்து இளம் பொறியியல் பட்டதாரி ஒருவர் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். சாதிவெறியில் நடந்த அந்தக் கொலையின் முக்கிய சாட்சியே முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்சாட்சியானார். கோயில் கேமராப் பதிவைச் சான்றாக ஏற்கலாமா என்று நீண்ட வாதம் நடந்தது. வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது. எட்டு ஆண்டுகள். அந்தப் பதிவை எந்தக் கருவியிலிருந்து எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், அதற்குச் சான்றிதழ் உண்டா என்ற கேள்விகளில் இருந்த பதற்றம் எந்தத் துரத்தல் காட்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வாரந்தோறும் வரும் தொடர்களில் கொலைக்குக் காரணம் சொத்து, கள்ளத்தொடர்பு, பழைய அவமானம் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். சாதியின் பெயரை அதிகாரி உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

அமராவதிக்கரை (தாராபுரம்)

குமாஸ்தா ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் இந்தத் தொடர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மாமியார் மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் துணி மாற்றுவதில் தொடங்கி இரவு மாத்திரை கொடுப்பது வரை நான் செய்யும் எந்த வேலையும் முடிவதில்லை; அடுத்த நாள் அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. இரவு ஒன்பதரைக்கு அவர் தூங்கிய பிறகு ஒரே ஒரு பகுதி பார்ப்பேன். என் நாளில் தொடங்கி முடிவது அது மட்டும்தான். மைத்துனன்தான் கொலையாளி என்று முன்பே தெரிந்தாலும் எனக்கு அது குறையாகப் படவில்லை. நடுவில் மாமியார் கூப்பிட்டு எழுந்து போய்விட்டு, பத்து நிமிடம் கழித்து வந்தாலும் கதை புரிகிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே பாதி வசனத்தோடு பார்க்கும் நொய்யல்கரைக்கும் அதே வசதி கிடைத்திருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார்.

இதற்கு மாற்று என்று எல்லோரும் புகழும் எட்டுப் பகுதித் தொடர்களைப் பாருங்கள். ஒரே கொலையை எட்டு மணி நேரம் இழுக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் கடைசி நிமிடத்திலும் ஒரு கதவு திறக்கும், முகத்தைக் காட்டாமல் நிறுத்திவிடுவார்கள். அதிகாரிக்கு இறந்துபோன தங்கை ஒருத்தி கட்டாயம் இருப்பாள். ஐந்தாவது பகுதியில் கதையை அப்படியே விட்டுவிட்டு எல்லோருடைய குழந்தைப் பருவத்துக்கும் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் சொல்லக்கூடியதை எட்டு மணி நேரம் சொல்வது ஆழம் ஆகாது.

எனக்குள்ள வருத்தம் வேறு. இரு வகையிலும் பிணம் பெரும்பாலும் இளம்பெண்ணுடையதாக இருக்கிறது, கேமரா அவளுடைய பாதத்திலிருந்து மெதுவாக மேலே போகிறது. செத்த பிறகும் அவளுக்கு உதட்டுச்சாயம் கலையாமல் இருக்கிறது. அவளுடைய அம்மா ஒரு காட்சியில் அழுதுவிட்டுப் போனால், பிறகு யாரும் அந்த வீட்டுக்குப் போவதே இல்லை. நாற்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் அந்த வீட்டுச் சமையலறைக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அரக்கு முத்திரை (கோயம்புத்தூர்)

தடய அறிவியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வழக்கு எதைப் பற்றியும் பேச மாட்டேன். வேலை முறையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பார்வையாளர்களின் எரிச்சலில் ஒரு பங்கு எங்கள் மேசையிலிருந்து தொடங்குகிறது.

தொடரில் ஆய்வகம் என்றால் நீல வெளிச்சமும் கண்ணாடிச் சுவரும் இருக்கும். எங்களிடம் வந்தவை துணியில் தைத்து அரக்கு வைத்த பொட்டலங்கள். முதல் வேலை நுண்ணோக்கியைத் தொடுவது இல்லை. அரக்கு உடையாமல் இருக்கிறதா, அதிலுள்ள முத்திரை கூடவே அனுப்பப்பட்ட மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, கடிதத்தில் சொன்ன பொருள்தான் உள்ளே இருக்கிறதா என்று சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். முத்திரை பிளந்திருந்தால் உள்ளே எவ்வளவு அருமையான தடயம் இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அன்று நல்ல நாள். ஒரு பொட்டலம் பிரிக்கப்படும் அந்த ஐந்து நிமிடத்தைச் சரியாக எடுத்தால் யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைரேகைக் கணினி "இவன்தான்" என்று ஒரு படத்தை எடுத்துக் காட்டாது; ஒத்துப்போகக்கூடிய சிலரின் பட்டியலைத் தரும், அதன் பிறகு நிபுணர் கண்ணால் ஒப்பிட வேண்டும். ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கத் தெளிக்கும் லூமினால் செம்புக்கும் பிளீச்சிங் கரைசலுக்கும்கூட ஒளிரும், ஆகவே அது ரத்தம்தான் என்று அந்த ஒளியை வைத்தே முடிவு செய்ய முடியாது. இறந்த நேரத்தை "இரவு 10.20" என்று எவராலும் சொல்ல இயலாது. மங்கலான கேமராப் படத்தில் இல்லாத வண்டி எண்ணை எந்த மென்பொருளாலும் புதிதாக உண்டாக்க முடியாது. டி.என்.ஏ. சோதனையை மட்டும் கணக்கில் எடுத்தால் சில நாள் வேலைதான். அதற்கு முன் நிற்கும் வரிசைதான் மாதக்கணக்கு. தொடரில் வரும் விஷம் எப்போதும் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததாக இருக்கும். எங்களுக்கு வந்த உள்ளுறுப்புகளில் பெரும்பாலும் கிடைத்தது உரக்கடையில் விற்கும் பூச்சிமருந்து.

இதனால் கேடு உண்டா என்றால், அமெரிக்காவில் இதற்குச் 'சி.எஸ்.ஐ. விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கிய, தடய ஆய்வாளர்களைப் பற்றிய சி.எஸ்.ஐ. தொடரைப் பார்த்த ஜூரிகள் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள்) எல்லா வழக்கிலும் அறிவியல் சான்று கேட்கிறார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் குறைபட்டார்கள். 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் டொனால்ட் ஷெல்டன் என்ற நீதிபதியும் ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூரிகளிடம் கேட்டபோது, ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதேனும் ஓர் அறிவியல் சான்றை எதிர்பார்த்தார்கள். ஆனால் தொடரைப் பார்த்தவர்கள் அதனாலேயே குற்றவாளிகளை விட்டுவிடுகிறார்கள் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. நம்மிடம் ஜூரி முறை இல்லாததால் பாதிப்பு வேறு இடத்தில் விழுகிறது. இறந்தவரின் தகப்பனார் மூன்றாம் நாளே ஆய்வக வாசலில் வந்து நின்று, "இன்னும் ரிசல்ட் வரலீங்களா சார், டி.வி.ல உடனே சொல்லிப்போடறாங்களே" என்று கேட்பார். அவரிடம் என்ன பதில் சொல்வது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நொய்யல்கரை (சோமனூர்)

அமராவதிக்கரை அக்காவுக்கு: தறிச் சத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். (இந்த ஒப்புதல் செல்லுமா என்று குமாஸ்தா ஐயாதான் சொல்ல வேண்டும்.) தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்றாகவே இருந்து குறுக்கே ஓடும் ஊடை மட்டும் மாறுவதுபோல இருப்பதால்தான் நான் எங்கே விட்டாலும் திரும்பப் பிடித்துக்கொள்ள முடிகிறது. ஆகவே தனித்தனிப் பகுதியாக வருவதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரே பகுதிக்குள் முடிய வேண்டும் என்றாலும் அது ஒப்புதலில்தான் முடிய வேண்டுமா என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

வாயசைவு (உடுமலைப்பேட்டை)

மொழிமாற்றுத் தொடர்களுக்கு உரையாடல் எழுதுவது என் தொழில். ஒரே காட்சியை உதடு பொருந்தும் வரை முப்பது முறை ஓட்டிப் பார்ப்பதால், இந்த வடிவத்தின் எலும்பு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். கேட்ட கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

அமெரிக்க அலைவரிசைகளில் ஒரு மணி நேரம் என்பது விளம்பரம் போக ஏறத்தாழ 42 நிமிடம். அதை நான்கைந்து துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும். அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் விளம்பரத்தின்போது ஆள் போய்விடுவார். நொய்யல்கரை பார்த்த பகுதியில் கணவனும் கூட்டாளியும் நிரபராதிகளாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஒரு பருவத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகள் எடுத்து, நூறு பகுதி சேர்ந்ததும் மறுஒளிபரப்புக்கு விற்பார்கள். வாங்கும் நிலையம் எந்த நாளில் எந்தப் பகுதியைப் போட்டாலும் புரிய வேண்டும் என்பதால், இன்று செத்தவரை நாளை எவரும் நினைக்கக்கூடாது. அம்மா கண்டுபிடித்த தேநீர்ப் பையனும் அப்படித்தான்: சிறு வேடத்துக்கு முகம் தெரிந்த நடிகரைப் போட்டிருந்தால் அவர்தான் என்று நாங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் நிமிடமே பந்தயம் கட்டிவிடுவோம்.

ஒப்புதலில் முடிவதும் நேரக் கணக்குதான். சான்று, சாட்சி, குறுக்கு விசாரணை என்று காட்ட இருபது நிமிடம் வேண்டும். அழுகைக்கு இரண்டு நிமிடம் போதும். இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. 1990இல் தொடங்கிய லா அண்ட் ஆர்டர் என்ற அமெரிக்கத் தொடர் முதல் பாதியைப் போலீசுக்கும் மறுபாதியை நீதிமன்றத்துக்கும் கொடுத்தது. கலைநோக்கம் மட்டும் அதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம்: அன்றைக்கு அரைமணி நேரத் தொடர்கள்தான் மறுவிற்பனையில் நன்றாகப் போயின, ஆகவே தேவைப்பட்டால் நடுவில் வெட்டி இரண்டாக விற்கலாம் என்பது அதைப் படைத்த டிக் உல்ஃபின் கணக்கு. வெட்டி விற்கும் தேவை வரவில்லை, வடிவம் மட்டும் நிலைத்தது. அதில் ஒப்புதல் பாதிவழியில் வரும், இரண்டாம் பாதியில் நீதிபதி அதைத் தூக்கி எறிவார், சில பகுதிகளில் அரசுத் தரப்பு தோற்கும். அதையும் தாண்டிக் கொலம்போ என்ற துப்பறியும் தொடர், 1970களில், கொலையாளி யார் என்பதை முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, அவனை எப்படி மடக்கப் போகிறார் என்பதை மட்டும் வைத்து ஓட்டியது. நொய்யல்கரையின் அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எனவே வார்ப்பு இருப்பதாலேயே கதை செத்துவிடுவதில்லை. நம் பக்கத்துக் குறை என்னவென்றால், அந்த நாட்டு விளம்பரக் கணக்குக்காக உண்டான எலும்பை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் மேல் நம் ஊர்ச் சட்டையை மாட்டிவிடுகிறோம். வி.ஏ.ஓ. எங்கே, மகஜர் எங்கே, சாட்சிக்கு வரமாட்டேன் என்று ஒளிந்துகொள்ளும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கே? குமாஸ்தா ஐயா சொன்ன அந்த இரண்டாவது வார்ப்பை எழுத இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் என்னைக் கூப்பிடவில்லை.

கொடிவேரி (கோபி)

முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு துப்பறியும் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒன்றை வாங்கினால் கோபிக்கு வந்து சேர்வதற்குள் முடித்துவிடலாம். அவற்றுக்கும் ஒரு வார்ப்பு இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு இந்தச் சலிப்பு வந்ததில்லை. வயதா, அல்லது மாதம் ஒன்று படித்ததற்கும் இரவு மூன்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடா?

அமராவதிக்கரை (தாராபுரம்)

மூன்று பார்ப்பதுதான் காரணம். ஒன்றோடு நிறுத்துங்கள்.

பழைய குமாஸ்தா (பெருந்துறை)

நொய்யல்கரை தம்பி, ஒரு சந்தேகம். வழக்கு விடுதலையில் முடிந்திருந்தாலும், கைப்பற்றப்பட்ட கேபிள் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருந்திருக்குமே. அதைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டீர்களா? பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நொய்யல்கரை (சோமனூர்)

போட்டோம் ஐயா. அப்பா மூன்று முறை நடந்தார். ஐந்தாவது ஆண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நாற்பது அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதற்குள் கிணற்றில் தண்ணீர் கீழே போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டோம். அந்தக் கேபிள் நீளமும் போதவில்லை, கனமும் போதவில்லை. வழக்கு எண் எழுதிய அட்டையோடு தறிக்குடோன் ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாம் என்று நான் சொன்னபோது, அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அதே கடைக்குத்தான் போகும் என்கிறார்.